வெள்ளோட்டமும் பழுதாய்வும்: தொடக்ககால மோட்டார் வண்டிகள் குறித்து ஓர் ஆய்வு

புதிதாகச் செய்த தேரையோ பழுது நீக்கிய தேரையோ விழாவிற்கு முன்னர் ஒருமுறை வீதியில் இழுத்துப் பார்த்தல் நம் நாட்டுத் திருக்கோயில்களில் நெடுநாளைய வழக்கம். இறைவன் திருமேனியை எழுந்தருளச் செய்யாது தேரை மட்டும் ஓட்டிப் பார்க்கும் அந்நிகழ்ச்சியை வெள்ளோட்டம் என்பர். மரக்கலத்தை முதன்முறை நீரில் ஓட்டிப் பார்த்தற்கும் இச்சொல் வழங்கும். நிலையில் நிற்கும் தேரில் அச்சு முறிவதில்லை, சக்கரம் புதைவதில்லை, வடம் அறுவதில்லை. ஓடுங்கால், அதிலும் வீதிமுனையில் திரும்புங்கால், தச்சன் கண்ணுக்குப் புலப்படாது நின்ற குறை தானே வெளிப்படும். மோட்டார் வண்டியைச் சாலையில் ஓட்டி ஆராய்தலைச் ‘சாலைச் சோதனை’ என மொழிபெயர்ப்பார் பலர். அதனினும் வெள்ளோட்டம் என்னும் பழஞ்சொல்லே பொருட்செறிவு உடையது என்பது எம் கருத்து. சோதனை என்பது தேர்வுக்கும் பெயராகும், துன்பத்திற்கும் பெயராகும். வெள்ளோட்டம் என்பதோ, ஓட்டினாலன்றி அறியலாகாத ஒன்றை ஓட்டி அறிதல் என்னும் கருத்தைத் தன்னகத்தே கொண்டு நிற்கிறது.

மோட்டார் வண்டி தோன்றிய 1886 ஆம் ஆண்டு முதல், போர்டு நிறுவனத்தின் ‘டி’ வகை வண்டி செய்தல் நிறுத்தப்பெற்ற 1927 ஆம் ஆண்டு வரை, வண்டிகளின் பழுது எவ்வாறு கண்டறியப்பட்டது, வெள்ளோட்டம் அதற்கு எங்ஙனம் துணைநின்றது என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம். அக்காலத்துப் புகழ்பெற்ற ஓட்டங்களை எழுதுவோர் பெரும்பாலும் ஓடிய தொலைவையே எண்ணிக் காட்டுவர். தொலைவு பெருமைக்கு உரியதேயன்றி அறிவிற்கு உரியதன்று. ஓட்டத்தில் தோன்றிய குறி யாது, அக்குறிக்கு முதல் யாது, அம்முதலை அறிந்தபின் வண்டியில் மாற்றப்பட்டது யாது என்னும் மூன்றையும் கேட்ட பின்னரே ஓர் ஓட்டத்தை ஆய்வு எனக் கொள்ளுதல் தகும்.

குறி, முதல் என்னும் இவ்விரண்டனையும் வேறுபடுத்தாமையே பழுதாய்வில் நேரும் பிழைகளுட் பெரும்பாலனவற்றிற்குக் காரணம். ‘வண்டி மக்கர் செய்கிறது’ என்பது பேச்சு வழக்கு. அது குறியை மட்டும் சொல்லும் தொடர். எந்திரம் நின்றது என்பது குறி. எண்ணெய் செல்லும் குழாயில் தூசி அடைத்தது என்பது முதல். ஒரே குறிக்கு முதல்கள் பல இருத்தல் கூடும். ஒரு முதலே பல குறிகளாய்த் தோன்றுதலும் கூடும். வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயினையும் அதன் முதலினையும் வேறு பிரித்து, அவற்றை அறிந்தபின் தணிக்கும் வழியை நாடுமாறு மருத்துவனுக்கு வரிசை வகுத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. வண்டி பழுது பார்ப்பாரும் அவ்வரிசையினின்று வழுவுதல் ஆகாது.

ஜெர்மனி நாட்டு மான்கைம் நகரில் வாழ்ந்த கார்ல் பென்சு என்பார் தம் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்த நாள் 1886 சனவரி 29. வண்டி செய்யப்பட்டது, ஆயினும் வாங்குவார் அரியராயினர். நெடுந்தொலைவு அஃது ஓடும் என்று எவரும் கண்டதில்லை. 1888 ஆகஸ்டுத் திங்களில் ஒரு நாட் காலை, அவர்தம் மனைவியார் பெர்த்தா அம்மையார், கணவருக்கு உரையாமல், ஆயிகன், ரிச்சர்டு என்னும் தம் மைந்தர் இருவரையும் உடன்கொண்டு, தாம் பிறந்த ஊராகிய போர்ட்சைமை நோக்கி அவ்வண்டியிற் புறப்பட்டார். வழித்தொலைவு ஏறத்தாழ 105 கிலோமீட்டர். அம்மையாரின் செல்வமும் அவ்வண்டித் தொழிலில் இடப்பட்டிருந்தது. ஆதலின் வழியில் வண்டி முடங்கின், குடும்பத்தின் பொருளும் கணவரின் பல்லாண்டு உழைப்பும் ஊரார் நகைப்பிற்கு இலக்காகும் நிலை இருந்தது.

அவ்வழியில் நேர்ந்தனவாகச் சொல்லப்படுவனவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம். வண்டியில் இருந்த எரிநெய் சில லிட்டர் அளவினதே. அது குறையவே, வீசுலோக் என்னும் ஊரில் மருந்துக்கடை ஒன்றிற் புகுந்து, கறை போக்குதற்கு அக்காலத்தார் பயன்படுத்திய லிக்ராயின் என்னும் நெய்யை வாங்கி ஊற்றினர். எரிநெய்க் குழாய் அடைத்துக்கொண்டபொழுது அம்மையார் தம் தொப்பியிற் செருகியிருந்த நீண்ட ஊசியால் அதனைத் துளைத்துத் தூய்மை செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்து மின்பொறி தவறியபொழுது காலுறை கட்டும் பட்டையை அதன்மேற் சுற்றினார். நீண்டு தளர்ந்த சங்கிலியை ஒரு கொல்லன் சீர்செய்தான். இறக்கங்களில் மரத்தாலான தடைக்கட்டை தேய்ந்து பிடிப்பு இழக்கவே, செருப்புத் தைப்பவன் ஒருவனைக் கொண்டு அக்கட்டையின்மேல் தோல் அறைவித்தார். நீர் கொதித்து ஆவியாகிக் குறையுந்தோறும் வழியிலுள்ள நீர்நிலைகளில் முகந்து நிரப்பினர். செங்குத்தான மேடுகளில் வண்டி ஏறமாட்டாது நிற்ப, இறங்கித் தள்ளினர்.

இந்நிகழ்ச்சியை அம்மையாரின் துணிவிற்குச் சான்றாகக் காட்டுவதோடு அமைவார் பலர். துணிவு உண்மையே. எமக்கு அதனினும் வியப்பளிப்பது, இப்பழுதுகளுள் பெரும்பாலன மான்கைம் பட்டறையில் எத்துணை நாள் எந்திரத்தை நிறுத்திவைத்து ஓட்டினும் தோன்றியிரா என்பதாம். தடைக்கட்டையைத் தேய்ப்பது இறக்கம். சங்கிலியை நீட்டுவது சுமையோடு கூடிய நெடுவழி. கம்பியின் உறையைத் தேய்ப்பது ஓயாத அதிர்ச்சி. ஊசியும் பட்டையும் அன்றைய இடரைத் தீர்த்த அளவோடு நின்றுவிட்டன. மேடு கற்பித்த பாடமோ வண்டியின் அமைப்பையே மாற்றியது. இவ்வோட்டத்தின் பயனாக மேடேறுதற்குரிய தாழ்ந்த விசைமாற்று ஒன்று வண்டியிற் சேர்க்கப்பட்டது. தடைக்கட்டைக்குத் தோலுறை இடும் வழக்கமும் இவ்வழியே வந்தது என்பர். குறி, முதல், மாற்றம் என்னும் மூன்றும் இங்கு ஒருங்கே அமைந்தமை காண்க.

வழியில் நின்றுவிட்ட வண்டியின் பழுதை அறிதற்கு அக்காலத்தார் கைக்கொண்ட முறை எளிய ஓர் உண்மையின்மேல் எழுந்தது. எந்திரம் ஓடுதற்கு வேண்டுவன மூன்று: எரியத்தக்க அளவிற் கலந்த நெய்யாவியும் காற்றும், அக்கலவையைச் சிலிண்டருள் கசியாது நெருக்கும் அழுத்தம், உரிய நொடியில் எழும் மின்பொறி. இம்மூன்றும் இருப்பின் எந்திரம் ஓடியே தீரும். ஓடவில்லையாயின் இம்மூன்றனுள் ஒன்றேனும் இல்லை என்பது ஒருதலை. ஆதலின் அறிவுடையோன் கார்புரேட்டரின் திருகுகளை மனம்போனவாறு திருப்பமாட்டான். மூன்றனுள் எது இல்லை என்பதை முதற்கண் துணிவான். துணிந்தபின்னரே திருகில் கை வைப்பான். ஒரே பொழுதில் இரண்டு திருகுகளை மாற்றியவன், வண்டி ஓடத் தொடங்கினும், எதனால் ஓடிற்று என்பதை அறியான். அவனுக்கு அப்பழுது மறுநாளும் புதிதே.

ஐம்புலன்களே அக்காலத்துக் கருவிகள். புகைபோக்கியினின்று கரும்புகை எழின் நெய் மிகுதி. நீலப்புகை எழின் உயவெண்ணெய் சிலிண்டருட் புகுந்து எரிகிறது. எந்திரம் சூடேறிய பின்னரும் வெண்ணிற ஆவி நீங்காதாயின் நீர் கசிந்து உட்புகுகிறது. கார்புரேட்டரின் வழியே வெடிப்பொலி கேட்பின், நெய் குறைந்து காற்று மிகுந்தது என ஐயுறலாம். மூக்கும் செவியும் கண்ணும் இவ்வாறு தந்த செய்திகளை ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தே முடிவு செய்தனர்.

தனியொருவர் ஓட்டமாக இருந்த வெள்ளோட்டம் பலர் அறிய நிகழும் பொது ஆய்வாக மாறியது இங்கிலாந்தில். அந்நாட்டு மோட்டார் சங்கம் 1900 ஏப்பிரல் 23 முதல் மே 12 வரை ஆயிரம் மைல் ஓட்டம் ஒன்றை நடத்தியது. இலண்டனிற் புறப்பட்டு எடின்பரோ வரை சென்று மீண்ட அவ்வோட்டத்தில் 65 வண்டிகள் கலந்துகொண்டன. மோட்டார் வண்டியைக் கண்டிராத ஊர்மக்கள் பலர் அதனை முதன்முதற் கண்டது அவ்வாண்டில்தான். மேடேறும் ஆற்றலும் அங்குத் தனியே அளக்கப்பட்டது. ஆயினும் அதன் முதன்மையான நோக்கம் வண்டியின்பால் மக்களுக்கு நம்பிக்கை உண்டாக்குதலே. பழுதின் முதலை ஆராய்தல் அன்று. அதனைக் குறையென்று யாம் கூறோம். காலத்தின் தேவை அஃது.

அவ்வோட்டத்தை அமைத்த சங்கச் செயலாளர் கிளாடு ஜான்சன் பின்னர் ரோல்சு ராய்சு நிறுவனத்தின் மேலாண்மைக்கு வந்தார். 1907 இல் அந்நிறுவனத்தின் 40/50 குதிரைத்திறன் வண்டி ஒன்றை, ‘வெள்ளி ஆவி’ எனப் பெயரிட்டு, 15,000 மைல் ஓட்டுவித்தவரும் அவரே. இலண்டனுக்கும் கிளாசுகோவிற்கும் இடையே பன்முறை சென்றுவந்த அவ்வண்டி, சங்கத்தின் பார்வையாளர் உடனிருக்க, 14,371 மைல் தன்னியல்பாக நில்லாது ஓடியது. தன்னியல்பாக நில்லாமை என்பதன் பொருள் இரவும் பகலும் ஓடியது என்பதன்று. ஓட்டுநர் நிறுத்தாமல் அது தானே நின்றதில்லை என்பதே. இத்தொலைவைப் போற்றுவார் எழுதியவை பல. எம் நோக்கிற்கு உரியன அவ்வோட்டத்தின் இரு சிறு செய்திகள்.

முதலாவது, நெடுநில்லா ஓட்டம் தொடங்குதற்கு முன், 629 மைல் சென்றவளவில் வண்டி ஒருமுறை தானே நின்றது. ஆராய்ந்தபொழுது எந்திரத்தில் எக்குறையும் இல்லை. பெட்ரோல் குழாயின் திறப்பு, சாலையின் அதிர்ச்சியால் சிறிது சிறிதாகத் திரும்பித் தானே மூடிக்கொண்டமை தெரிந்தது. அதனைத் திறந்தவுடன் வண்டி மீண்டும் ஓடியது. பட்டறையில் நிற்கும் வண்டியில் இத்திறப்பு ஆயிரம் நாழிகை ஆயினும் அசைந்திராது. நின்றவுடன் கார்புரேட்டரைப் பிரிக்கத் தொடங்கியிருப்பின், பிரித்ததும் பூட்டியதுமே புதிய பழுதுகளுக்கு வித்தாகியிருக்கும்.

இரண்டாவது செய்தி இதனினும் சிறந்தது. 15,000 மைல் முடிந்தபின் வண்டியை முற்றும் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை அளந்து, அவற்றைப் புதியனவாக்குதற்கு ஆகும் செலவைக் கணக்கிட்டு வெளியிட்டனர். டயர்கள் நீங்கலாக அச்செலவு 2 பவுன் 2 சில்லிங் 7 பென்சு. வணிக விளம்பரமே அதன் நோக்கம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பிரித்துப் பார்க்கும் வரையில் விளம்பரமாக இருந்த ஓட்டம், பிரித்துப் பார்த்த அளவிலே ஆய்வாயிற்று என்போம். எவ்வுறுப்புத் தேய்ந்தது, எது தேயவில்லை என்பதை ஏட்டில் ஏற்றியபின் அஃது எவரும் மறுத்து ஆராயத்தக்க செய்தியாகிவிடுகிறது.

அடுத்த ஆண்டு, 1908 இல், புரூக்குலாந்து ஓட்டக்களத்தில் நிகழ்ந்த ஓர் ஆய்வு பழுதறியும் கலைக்கே ஒரு புதிய வாயிலைத் திறந்தது. அமெரிக்க நாட்டுக் காடிலாக் வண்டிகள் மூன்றை அங்குக் கொணர்ந்து, உறுப்பு உறுப்பாகப் பிரித்து, மூன்றன் உறுப்புகளையும் ஒன்றாகக் கலந்தனர். அவற்றுள் 89 உறுப்புகளை நீக்கிவிட்டு, விற்பனைக் கிடங்கிலிருந்து எடுத்த வேறு உறுப்புகளை இட்டனர். அரம் கொண்டு அராவாது, திருப்புளியும் முடுக்கியும் மட்டும் கொண்டு மூன்று வண்டிகளையும் மீண்டும் பூட்டினர். மூன்றும் 500 மைல் ஓடின. தூவார் விருதும் பெற்றன. அதற்கு முன்னர் ஒவ்வொரு வண்டியும் கைத்தேர்ச்சியால் அராவிப் பொருத்தப்பட்ட தனிப்படைப்பு. ஒன்றன் உறுப்பு மற்றொன்றிற்குப் பொருந்தாது.

உறுப்பொத்தமை மலிவான உற்பத்திக்கு வழிசெய்தது என்று பொருளியலார் கூறுவர். அது பழுதாய்வுக்குச் செய்த உதவியை எடுத்துரைத்தார் மிகச் சிலரே. ஐயத்திற்குரிய உறுப்பை நீக்கி, நல்லதென முன்னரே அறிந்த உறுப்பை அவ்விடத்தில் இட்டு, பழுது தொடர்கிறதா நீங்குகிறதா எனக் காணும் முறை, உறுப்புகள் ஒத்திருந்தாலன்றி இயலாது. போர்டு நிறுவனத்தின் ‘டி’ வகை வண்டி இதற்குத் தக்க சான்று. 1908 இல் வெளிவந்து 1927 இல் நிறுத்தப்படுமுன் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட எண்ணிக்கையிற் செய்யப்பட்ட வண்டி அது. அதனை வாங்கியவருள் பலர் உழவர். அருகில் பழுது பார்ப்பார் இல்லாத ஊர்களில் அவர்களே மருத்துவராகவும் இருத்தல் வேண்டியதாயிற்று. அவர்தம் பொருட்டு நிறுவனம் வெளியிட்ட கைந்நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. நன்னூலார் உரையின் கூறுகளுள் வினாவையும் விடையையும் வைத்தமை அறிந்த நமக்கு அவ்வமைப்பு புதிதன்று.

அவ்வண்டியில் சிலிண்டர்கள் நான்கு. விசைச்சக்கரத்திற் பொருத்திய 16 காந்தங்கள் சுழல்வதால் எழும் தாழ்ந்த அழுத்த மின்சாரம், டைமர் என்னும் பகிர்வுக் கருவியின் வழியே, ஓட்டுநருக்கு முன்னுள்ள பெட்டியில் அமைந்த நான்கு மின்சுருள்களை முறையே அடையும். ஒவ்வொரு சுருளின் தலையிலும் மெல்லிய தகடு ஒன்று வண்டின் ஒலிபோல் இரைந்து துடிக்கும். அத்துடிப்பால் மின்னழுத்தம் உயர்ந்து அவ்வச் சிலிண்டரின் பிளக்கில் பொறி எழும். எந்திரம் சீராக ஓடாது ஒரு சிலிண்டர் தவறுகிறது என்னும் குறி தோன்றின், அஃது எச்சிலிண்டர் என அறிதற்கு விரல்களே போதும். முதல், நான்காம் தகடுகளை இரு விரலால் அழுத்திப் பிடித்தால் அவ்விரு சிலிண்டர்களும் ஓயும். எஞ்சிய இரண்டும் சீராக ஓடுமாயின் பழுது ஓய்ந்த இரண்டனுள் ஒன்றில். அடுத்து நான்காவதை விடுத்து ஏனைய மூன்றையும் அழுத்துக. நான்காவது தனித்து இயங்குமாயின் பழுது முதலாவதில் என்பது பெறப்படும்.

சிலிண்டர் தெரிந்ததாயினும் பழுதின் முதல் இன்னும் தெரிந்திலது. சுருளோ, பிளக்கோ, கம்பியோ, டைமரோ, வால்வோ? இங்குத்தான் உறுப்பொத்தமை கைகொடுக்கிறது. முதலாவது சுருளையும் இரண்டாவது சுருளையும் இடம் மாற்றி வைத்து எந்திரத்தை ஓட்டுவர். தவறுதல் இரண்டாம் சிலிண்டருக்குச் சென்றுவிட்டதாயின், பழுது சுருளைப் பின்தொடர்ந்தது, சுருளே முதல். முதற் சிலிண்டரிலேயே நின்றதாயின் சுருள் குற்றமற்றது. அடுத்துப் பிளக்கை அவ்வாறே மாற்றிப் பார்ப்பர். ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்குவார், ஒரு பிழை மூல ஏட்டைத் தொடர்கிறதா, எழுதினோன் கையைத் தொடர்கிறதா எனத் தேர்வதும் இவ்வழியே. எந்தக் கருவியும் இன்றி, எழுத்தறிவு மட்டும் உடைய உழவன் ஒருவன் வயலோரத்தில் நின்று இவ்வாராய்ச்சியைச் செய்து முடித்தான் என்பது எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

விரலால் அறியலாகாதனவும் உள. அவ்வண்டியில் பெட்ரோல் தொட்டி முன்னிருக்கையின் கீழ் இருந்தது; நெய் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு ஓடிவரும். தொட்டி மூடியில் காற்றுப் புகுதற்குச் சிறு துளை ஒன்று உண்டு. அத்துளையில் மண் அடைத்துவிட்டால் வண்டி புறப்படும், சிறிது தொலைவு நன்கு ஓடும், பின்னர் நின்றுவிடும். நெய் குறையக் குறையத் தொட்டியில் வெற்றிடம் தோன்றி ஓட்டத்தைத் தடுப்பதே காரணம். மூடியைத் திறந்து நெய் இருக்கிறதா எனக் கோலிட்டுப் பார்த்தவுடன் காற்றுப் புகுந்து வண்டி மீண்டும் ஓடும்! பார்த்த செயலே பழுதைத் தற்காலிகமாக நீக்கிவிடுதலின், பலர் அதன் முதலை நெடுநாள் அறியாது மயங்கினர். பட்டறைக்கு வந்த வண்டி அங்குச் சிறிது நேரம் நன்கு ஓடிக்காட்டும். பழுது பார்ப்பவன் உரியவனையே ஐயுறுவான். மீண்டும் அதே வழியில், மூடியைத் திறவாது, நிற்கும் வரை ஓட்டிப் பார்த்தலே இதற்கு மருந்து. பழுதை நீக்குதற்கு முன் அதனை மீண்டும் தோன்றச் செய்தல் வேண்டும் என்னும் விதி இத்தகைய இடங்களிலிருந்தே பிறந்தது.

மேட்டில் நிகழும் மயக்கமும் இதன் இனமே. தொட்டியில் நெய் குறைந்திருக்கும்பொழுது வண்டி செங்குத்தாக ஏறினால், கார்புரேட்டர் நெய்மட்டத்திற்கு மேலாகிவிடும். எந்திரம் பசித்து நிற்கும். சமநிலத்தில் எப்பழுதும் தோன்றாது. அறிந்தோர் வண்டியைத் திருப்பிப் பின்னோக்கியே மேடேறினர். பின்செலவுக்குரிய விசைமாற்று முன்செலவினும் தாழ்ந்ததாகலின் ஆற்றலும் கூடுதலாகக் கிடைத்தது. பின்னோக்கி மலையேறும் வண்டியைக் கண்டு நகைத்தவர் அதன் காரணம் அறியாதவரே.

எந்திரத்தின் தட்டொலியை ஆராய்தல் வெள்ளோட்டத்தில் அரிதிற் கைவரும் பகுதி. மேடேறும்பொழுது எழும் தட்டொலி, மின்பொறி முந்தி எழுவதாலோ சிலிண்டரில் கரி படிந்ததாலோ தாங்கி தேய்ந்ததாலோ தோன்றலாம். இடக்கைப் பிடியை மேலே தள்ளிப் பொறியைப் பிந்தச் செய்தபொழுது ஒலி அடங்கின், முதலிரண்டனுள் ஒன்று. அடங்காதாயின் சுருட்தகடுகளை ஒவ்வொன்றாக அழுத்துக. எச்சிலிண்டரை ஓயச்செய்தவழி ஒலி குன்றுகிறதோ, அதன் தண்டின் தாங்கியே தேய்ந்தது. சுமையின்றி நிற்கும் எந்திரத்தில் இவ்வொலிகளுட் பல கேட்பதேயில்லை.

இவ்வாராய்ச்சியில் உடலுக்கு இடரும் இருந்தது. எந்திரத்தை முன்புறக் கைப்பிடியால் சுழற்றித் தொடங்குங்கால், பொறியைப் பிந்தவைக்க மறந்தவனுக்குக் கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறிக்கும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒருபுறமாக வைத்து, கீழ்நோக்கி அழுத்தாது மேல்நோக்கி இழுக்குமாறு கற்பித்தது இதனாலேயே. 1912 ஆம் ஆண்டுக் காடிலாக் வண்டியில் மின்சாரத் தொடக்கி அமைந்தது. போர்டு ‘டி’ வகையில் அது 1919 இல் இடம்பெற்றது. பல கைகள் முறியாது தப்பின. ஆயினும் மின்பொறியை நிறுத்திவிட்டு அக்கைப்பிடியை மெல்லச் சுழற்றும்பொழுது, நான்கு சிலிண்டர்களின் அழுத்தமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோளில் வந்து மோதும். ஒன்று மெலிந்திருப்பின் அதன் வால்வு கசிகிறது என்பதைக் கையே கூறிவிடும். கைப்பிடியை விட்ட தலைமுறை அவ்வறிவையும் விட்டது. அதன்பின் அழுத்தத்தை அளத்தற்கு, பிளக்கைக் கழற்றி அவ்விடத்திற் பொருத்தும் அளவுமானி ஒன்று வேண்டியதாயிற்று.